பசிக்கு முன் அச்சம் தீரவேண்டும்



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் முன்னோர் வாக்கு. பாம்பைக் கண்டு படை நடுங்குவது ஒருபுறம் இருக்கட்டும். படையைக் கண்டு பாம்பு நடுங்குவதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? கையளவு நீளமுள்ள ஒரு குட்டிப் பாம்பு, தன்னைச் சுற்றி நின்று எட்டிப் பார்க்கும் ஒரு குடும்பத்தையே பெரும்படையாகக் கருதி அஞ்சி, அந்த அச்சத்தினாலேயே உண்ண மறுத்துச் சில வேளைகளில் மடிந்தும் போகிறது. வீட்டில் வளரும் உயிர்களைப் பற்றிப் பேசும் நமது ‘இல்லமும் உயிர்களும்’ பகுதியில் இம்மாதம் அத்தகைய ஓர் உயிரைப் பற்றிக் காண்போம்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும், கிளியும் முயலும் வளர்ப்பதுபோலவே பாம்பு வளர்க்கும் வழக்கம் இன்று பரவியுள்ளது. அவ்வாறு வளர்க்கப்படுபவற்றுள் மிகுதியாகக் காணப்படும் இனங்களில் ஒன்று பால் பைத்தான் எனப்படும் பந்து மலைப்பாம்பு. அச்சமுற்றபோது தலையை நடுவே மறைத்து, உடலைப் பந்துபோல் சுருட்டிக்கொள்வதால் இப்பெயர் பெற்றது. ஆங்கில நாட்டார் இதனையே ராயல் பைத்தான், அதாவது அரச மலைப்பாம்பு என்பர். இதற்கு நஞ்சு கிடையாது. முழுதும் வளர்ந்த பெண் பாம்பே பெரும்பாலும் 4 அல்லது 5 அடி நீளந்தான். ஆண் அதனினும் சிறிது. குட்டியோ முட்டையினின்று வெளிவரும்போது ஓரடிக்குச் சற்று மிகையான நீளமும் 50 முதல் 80 கிராம் வரை எடையும் உடையது.

மேலே செல்லுமுன் நம் நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். நம் காடுகளின் மலைப்பாம்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவது. அதனை எவரும் வீட்டில் வளர்த்தல் கூடாது. பந்து மலைப்பாம்பு அயல்நாட்டு இனமாயினும், 2022-இல் திருத்தப்பெற்று 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அதே சட்டம், பன்னாட்டு ஒப்பந்தத்தின்கீழ் வரும் இத்தகைய உயிர்களை உரிய பதிவும் ஆவணமும் இன்றி வைத்திருத்தலாகாது என்கிறது. பாங்காக்கிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த பயணிகளின் பெட்டிகளில் இக்குட்டிகள் துணிப்பைகளுக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டுச் சுங்கத் துறையினரிடம் பிடிபட்ட செய்திகளை அண்மை ஆண்டுகளில் நாளேடுகளில் பலமுறை படித்திருப்பீர்கள். ஆகவே இக்கட்டுரை ஒருவரையும் பாம்பு வாங்கத் தூண்டுவதற்கன்று. சட்டம் இடந்தரும் நாடுகளில் ஒரு குட்டி முறையாக வீடு வந்து சேர்ந்தால் அதனை எவ்வாறு வாழவைப்பது என்பதே நம் பேச்சு.

முதலில் அதன் தாயகத்தை அறிவோம். மேற்கே செனகல் தொடங்கிக் கிழக்கே உகாண்டா வரை பரந்துள்ள ஆப்பிரிக்கப் புல்வெளிகளே அதன் பிறப்பிடம். கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடிபுகுந்தது என்னும் நம் பழமொழி இப்பாம்புக்கு எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும். பகல் முழுவதும் கரையான் புற்றிலோ எலி வளையிலோ உடலை ஒடுக்கிக் கிடந்து, இருள் சூழ்ந்தபின்னரே இரை தேடும். தாய்ப்பாம்பு ஒருமுறைக்கு ஏறக்குறைய 6 முட்டைகளை இட்டு, அவற்றைச் சுற்றிச் சுருண்டு, சுமார் 2 மாதம் உணவின்றிக் காக்கும். ஆனால் குஞ்சு பொரித்தபின் தாய் ஊட்டுவதில்லை, உடனிருந்து காப்பதுமில்லை. பிறந்த நாள் முதல் குட்டிக்குத் துணை அதன் ஒளிவிடம் ஒன்றே. பருந்தும் கீரியும் பெரிய பாம்புகளும் அதனைத் தேடித் திரியும் நிலத்தில், வெட்டவெளியில் கிடக்கும் குட்டி நெடுநாள் வாழாது.

பெனின் நாட்டில் உய்தா என்னும் நகர் உண்டு. அங்கே அமல உற்பவ அன்னையின் பேராலயத்திற்கு எதிரிலேயே, அந்நாட்டுப் பழைய சமயத்தாரின் மலைப்பாம்புக் கோயில் உள்ளது. அக்கோயிலில் வாழ்பவை இந்தப் பந்து மலைப்பாம்புகளே. அவை ஊருக்குள் ஊர்ந்து ஒரு வீட்டில் நுழைந்துவிட்டால், அவ்வூரார் அடிப்பதில்லை. மெல்ல எடுத்துச் சென்று கோயிலில் விட்டுவருவர். அதே பெனினிலும் டோகோவிலும் கானாவிலும் இவ்வினத்தின் முட்டைகளும் சினைப்பாம்புகளும் வளைகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டு, பொரித்த குட்டிகள் ஆயிரக்கணக்கில் அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியாவதும் பல்லாண்டுகளாக நடந்துவருகிறது. வாங்குவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காட்டிலிருந்து வந்த குட்டி பெரும்பாலும் உண்ணிகளையும் குடற்புழுக்களையும் சுமந்து, களைத்து, உணவை வெறுத்து வரும். வளர்ப்போர் இல்லத்திலேயே பிறந்து, உரித்தெடுத்த முதற்சட்டைக்குப் பின் மூன்று நான்கு முறையேனும் இரை உண்டதாக ஏட்டில் எழுதி வைக்கப்பட்ட குட்டியே வாங்கத்தக்கது. இதுவரை எதனை உண்டது, உயிருள்ளதையா, உறைய வைத்ததையா, எத்தனை நாளுக்கொருமுறை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அக்குறிப்பு பின்னர் பெரிதும் உதவும்.

இனி, குட்டி வருமுன் அதன் இருப்பிடம் ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். விருந்தாளி வாசலில் நிற்க, உலை வைக்க அரிசி தேடும் வீடுபோல் ஆகிவிடலாகாது. இருப்பிடத்தை இரண்டு நாள் முன்பே அமைத்து, வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்து அறிதல் நலம்.

குட்டிக்கு 2 அடி நீளமுள்ள பெட்டி தொடக்கத்திற்குப் போதும்; வளர்ந்தபின் 4 அடியேனும் வேண்டும். மூடி இறுக்கமாகப் பூட்டக்கூடியதாய் இருக்கட்டும். விரல் நுழையும் சந்து இருந்தால் பாம்பும் நுழையும். பாம்பு தன் உடலின் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத உயிர். ஆதலால் பெட்டியின் ஒருபுறம் வெதுவெதுப்பாகவும் மறுபுறம் சற்றுக் குளிர்ந்தும் இருக்க வேண்டும். வெப்பமான பக்கத்தில் 31 முதல் 33 டிகிரி செல்சியசும், குளிர்ந்த பக்கத்தில் 25 முதல் 27 டிகிரியும் தகும். இரவிலும் 24 டிகிரிக்குக் கீழே இறங்கவிடலாகாது. போதிய வெப்பமில்லையேல் பசி எழாது, உண்டதும் செரியாது.

வெப்பம் தருவதற்கு மின்விரிப்போ விளக்கோ எதுவாயினும், அதனைத் தெர்மோஸ்டாட் என்னும் கட்டுப்பாட்டுக் கருவியின்றி இயக்கவே கூடாது. அடிவயிறு வெந்துபோகும் அளவுக்குச் சூடேறினாலும் விலகிச் செல்லாமல் அங்கேயே கிடந்து புண்பட்ட பாம்புகள் பல. இரு பக்கத்திலும் வெப்பமானி வையுங்கள். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காற்றின் ஈரப்பதம் 55 முதல் 70 விழுக்காடு வரை இருப்பின் சட்டை ஒரே துண்டாய்க் கழலும்; நுரையீரலும் நலமாயிருக்கும். கவிழாத கனமான கிண்ணத்தில் தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். முதற்சில வாரங்கள் தரையில் வெறுந்தாளை விரிப்பது நன்று. கழிவும் உண்ணியும் அதில் தெளிவாய்த் தெரியும். பைன், தேவதாரு மரச்சீவல்களை இடாதீர்கள். அவற்றின் நெடி பாம்புக்குக் கேடு.

இவை யாவற்றினும் முதன்மையானது ஒளிவிடம். வெப்பப் பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு வேண்டும். ஒன்றே இருப்பின், பாதுகாப்பா வெப்பமா என்று குட்டி ஒன்றை விட்டு ஒன்றைத் தெரிந்தெடுக்க நேரும். ஒளிவிடம் பெரிதாக இருத்தலாகாது. சுருண்டு கிடக்கும்போது உடல் சுவரைத் தொடவேண்டும். நுழைய ஒரு சிறு வாயில் கொண்ட கவிழ்த்த மண்சட்டியே இதற்குப் போதும். எஞ்சிய வெளியில் காகித உருளைகளையும் செயற்கை இலைகளையும் பரப்பிவிடுங்கள். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு மறைந்தபடியே ஊர்ந்து செல்ல இயன்றால் குட்டியின் அச்சம் விரைந்து தணியும்.

குட்டி வந்துவிட்டது. இப்போது நாம் செய்யவேண்டியது என்ன? ஒன்றும் செய்யாதிருத்தல். கேட்பதற்கு எளிதாயினும் குடும்பத்தார்க்கு இதுவே கடினமான கடமை. பையிலிருந்து பெட்டிக்குள் மெல்ல விட்டு, மூடியைப் பூட்டி, ஒரு துணியால் முன்புறத்தை மறைத்துவிட்டு விலகிப்போங்கள். ஒரு வாரம் வரை தொடுதல் இல்லை, தூக்குதல் இல்லை, நண்பர்களை அழைத்துக் காட்டுதல் இல்லை. நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றி, கழிவு இருப்பின் அகற்றி, வெப்பமானியைப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். தொலைக்காட்சி ஒலிக்கும் அறையிலும், கதவு அடிக்கடி அறைபடும் வழியிலும் பெட்டியை வைக்காதீர்கள்.

பிள்ளைகள் இதனை ஏற்க மாட்டார்கள். “நம் பாம்பு, நான் தொடக்கூடாதா?” என்று கேட்பார்கள். அவர்களை அதட்டாமல் காரணத்தை எடுத்துச் சொல்லுங்கள். புது வீட்டில் கண்விழித்த கைக்குழந்தைக்கேனும் தாயின் குரல் துணையிருக்கும். இக்குட்டிக்கோ நம் குரலும் முகமும் அந்நியம். அதன் மூதாதையரைத் தூக்கியவை பருந்தும் கீரியும் அன்றி வேறில்லை. தூக்கப்படுதலைத் தின்னப்படுதலாகவே அது உணரும். இதைக் கேட்ட பிள்ளை, பெரும்பாலும் தானே கையைப் பின்னால் கட்டிக்கொள்ளும்.

ஏழு நாள் கழிந்தது. இனி முதல் உணவு. குட்டியின் உடலில் மிகப் பருத்த பகுதி எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு பருமனுள்ள இரை போதும். எடையால் அளப்போர் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரை கணக்கிடுவர். 70 கிராம் குட்டிக்கு 7 முதல் 10 கிராம் வரை. மயிர் முளைத்துக் கண்திறந்து தத்தத் தொடங்கிய சுண்டெலிக் குட்டியோ, பிறந்து சில நாளான எலிக்குஞ்சோ இந்த அளவுக்கு ஒத்துவரும்.

மேலைநாட்டுக் கடைகளில் இவை கொன்று உறைய வைக்கப்பட்டே விற்கப்படுகின்றன. உயிருள்ள இரையினும் இதுவே நன்று. அஞ்சி ஒடுங்கிய பாம்பை உயிருள்ள எலி கடித்துக் குதறிவிடுவது உண்டு. இரைக்கும் வீண் துன்பம். உறைந்த இரையை முந்தின நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல இளக விடுங்கள். பின்னர் ஒரு பையிலிட்டு வெந்நீரில் அமிழ்த்தி, உயிருள்ள எலியின் சூட்டுக்கு, அதாவது 38 டிகிரியளவுக்குக் கொணருங்கள். நுண்ணலை அடுப்பில் ஒருபோதும் சூடாக்காதீர்கள். உள்ளே வெந்து வெளியே வெடிக்கும். சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்துவதும் ஆகாது.

வெப்பத்தை இங்கே வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. இப்பாம்பின் மேலுதட்டில் வரிசையாய்ச் சிறு குழிகள் இருக்கின்றன. இருளில் இரையின் உடற்சூட்டை அவற்றால் உணர்ந்தே அது குறிபார்க்கும். குளிர்ந்த எலி அதற்கு எலியே அன்று. ஆகவே இரையின் தலைப்பகுதி சற்று மிகையாகச் சூடாயிருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேயே கவ்வும், தலைப்புறமிருந்து விழுங்குவதும் எளிதாகும்.

வேளை, விளக்கணைத்தபின் அந்திப்பொழுது. நீண்ட இடுக்கியால் இரையின் முதுகைப் பிடித்து, ஒளிவிடத்தின் வாயிலுக்கு அருகே மெதுவாக அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். நாக்கு விரைவாய் நீண்டு நீண்டு மீளும். கழுத்து மெல்லப் பின்வாங்கி வளையும். அப்போது அசையாதிருங்கள். நொடியில் பாய்ந்து கவ்வி, சுற்றி இறுக்கும். உடனே இடுக்கியை விடுவித்து, ஓசையின்றி மூடியைப் பூட்டி அகலுங்கள். விழுங்கி முடிக்கச் சில நிமிடங்களோ அரைமணியோ ஆகலாம். உணவுக்கென வேறு பெட்டிக்கு மாற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தேவையற்ற அலைச்சல். உண்டபின் இரண்டு நாள் முழுதும் தொடாதீர்கள். அடுத்த உணவு 5 முதல் 7 நாள் கழித்து.

உண்ண மறுத்தால்? இங்கேதான் பல குடும்பங்கள் தடுமாறுகின்றன. மறுநாளே இன்னொரு எலி, அதற்கு மறுநாள் வேறொன்று, நடுவே வாயைத் திறந்து பார்த்தல், தூக்கித் தேற்றுதல் என்று அன்பின் மிகுதியால் அச்சத்தை மேலும் வளர்க்கிறார்கள். பசித்தவன் உண்பான் என்பது மனிதனுக்கு ஒத்த கணக்கு. இக்குட்டிக்கோ அச்சம் தீர்ந்த பின்னரே பசி தெரியும். முதல் உணவை மறுப்பது இவ்வினத்தில் மிகச் சாதாரணம். இரையை இருளில் ஒளிவிட வாயிலருகே வைத்து, இரவு முழுதும் விட்டுப் பாருங்கள். விடியலில் அப்படியே கிடந்தால் எடுத்து எறிந்துவிட்டு, மீண்டும் 5 முதல் 7 நாள் பொறுத்திருங்கள்.

அந்நாட்களைக் கவலையில் கழிக்காமல் ஆராய்ச்சியில் கழியுங்கள். வெப்பம் சரியா? ஒளிவிடம் இறுக்கமா? இரை போதிய சூடா? முன்னர் உண்டது சுண்டெலியா, எலியா? கண்கள் பால்போல் மங்கி, தோல் வெளிறியுள்ளதா? அவ்வாறாயின் சட்டை உரிக்கப்போகிறது. உரித்தபின் தானே உண்ணும். இவற்றுள் ஒன்று திருந்தினாலே பெரும்பாலும் அடுத்த வாரம் இரை மறைந்துவிடும்.

சமையலறைத் தராசு போன்றதொரு சிறு தராசை இதற்கென்றே வாங்கி, உணவு நாளுக்கு முன் வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வாருங்கள். சிறு கிண்ணத்தோடு நிறுத்தால் கையில் ஏந்தவேண்டியதில்லை. எடை மாறாதிருக்கும்வரை பொறுமை தகும். வளர்ந்த பாம்பு பல மாதம் பட்டினி கிடந்தும் நலமாயிருக்கும். குட்டிக்கு அத்தகைய சேமிப்பில்லை. தன் எடையில் பத்தில் ஒரு பங்கை இழந்தாலோ, நான்கைந்து வாரம் தொடர்ந்து மறுத்தாலோ, ஊர்வன அறிந்த கால்நடை மருத்துவரை நாடுங்கள். வாயைத் திறந்து மூச்சுவிடுதல், மூச்சில் சீழ்க்கையொலி, மூக்கில் நுரை, உடலில் கரும்புள்ளிகளாய் ஊரும் உண்ணி ஆகியவை தென்பட்டால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். வாயில் இரையைத் திணித்து ஊட்டுவது மருத்துவரின் வேலை. நாம் முயன்றால் தாடையும் உணவுக்குழலும் சிதையும்.

உண்டதைக் கக்கிவிட்டால், பெரும்பாலும் குளிரோ, பெரிய இரையோ, உண்டவுடன் தூக்கியதோ காரணமாகும். உடனே மீண்டும் ஊட்டாதீர்கள். 10 முதல் 14 நாள் நீர் மட்டும் தந்து, குறையைத் திருத்தி, முன்னதில் பாதியளவு இரையில் தொடங்குங்கள். மறுமுறையும் கக்கினால் மருத்துவரிடமே செல்லுங்கள்.

தொடர்ந்து மூன்று உணவு ஏற்றபின், பிள்ளைகள் காத்திருந்த நாள் வரும். முதலில் ஐந்து நிமிடம். தரையில் அமர்ந்து, மேலிருந்து பற்றாமல் பக்கவாட்டிலிருந்து கையை நுழைத்து, உடல் முழுவதையும் தாங்கி ஏந்தவேண்டும். பந்தாய்ச் சுருண்டால், அதை விரிக்க முயலாமல் திரும்ப வைத்துவிடுங்கள். ஏந்திய பின்னும், பெட்டியையோ இரையையோ தொட்ட பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். நலமாய்த் தோன்றும் பாம்பும் சால்மொனெல்லா என்னும் குடற்கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும், முதியோரும், நோய் எதிர்ப்பு குன்றியோரும் அதனைத் தொடாதிருப்பதே நன்று.

இறுதியாக ஒன்றைப் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். இக்குட்டி 20, 30 ஆண்டு வாழக்கூடியது. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலைக்கு 1961-இல் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த பந்து மலைப்பாம்பு 2020-ஆம் ஆண்டில் முட்டையிட்டது. அப்போது அதன் வயது 60-ஐத் தாண்டியிருந்தது. பத்து வயதுப் பிள்ளையின் ஆசைக்கு வாங்கும் பாம்பு, அப்பிள்ளைக்கே பிள்ளைகள் பிறந்தபின்னும் இருக்கும். அத்தனை ஆண்டுகளுக்கும் வெப்பமும் நீரும் இரையும் மருத்துவமும் தர யார் பொறுப்பு? இதற்கு விடை கிடைத்த பின்னரே வாங்குவது பற்றிப் பேச வேண்டும்.

பதறாத காரியம் சிதறாது என்பர். தொட்டும் தூக்கியும் காட்டும் அன்பை நாம் எளிதில் கற்றுக்கொள்கிறோம். கதவை மெல்லச் சாத்தி, துணியை இழுத்து மூடி, அப்பால் நின்று காத்திருக்கும் அன்பு கற்கக் கடினம். ஒரு பிள்ளை அதனை ஏழு நாள் பழகி, எட்டாம் நாள் காலையில் இரை மறைந்திருப்பதைக் கண்டு மகிழுமாயின், அந்த வீட்டில் பாம்புக்குட்டியோடு பிள்ளையும் வளர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை.